லின்க்ஸ் உலாவி: ஒரு மதிப்பீடு

லின்க்ஸ் என்பது எழுத்துகளை மட்டும் காட்டும் இணைய உலாவி ஆகும். இது 1992-இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. எச்.டி.எம்.எல் குறிச்சொற்களைப் படித்து, தலைப்பு, பத்தி, இணைப்பு எனப் பிரித்து வரிகளாக அடுக்குகிறது. படம் வரும் இடத்தில் அதற்கு எழுதப்பட்ட மாற்றுரையைக் காட்டும்.

மூடாமல் விடப்பட்ட குறிச்சொற்கள் உள்ள பக்கங்களையும் ஒருவாறு படித்துவிடுவது இதன் சிறப்பு. ஜாவாஸ்கிரிப்டை இயக்காதது இதன் பெருங்குறை. அந்நிரலைக் கொண்டே உள்ளடக்கத்தை வரவழைக்கும் பக்கங்கள் இதில் ஏறக்குறைய வெறுமையாகத் தெரியும். எனவே அன்றாடப் பயன்பாட்டுக்கு இது மட்டும் போதாது.

ஆயினும், பக்கத்தைச் சோதிக்க இது நல்ல உரைகல். மாற்றுரை எழுதப்படாத படம் எதைக் காட்டுகிறது என்பது இதில் விளங்காது. திரைபடிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கும் அது விளங்காது. அங்கே குறை உலாவியுடையது அன்று, பக்கத்தை எழுதியவருடையது.