பன்னிரண்டு தந்திக்கு ஆறு சாடில்

1960களின் ரிக்கன்பேக்கர் 360/12 என்ற பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிட்டார் பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நெக். பன்னிரண்டு தந்தியும் சுருதியில் நிற்கும்போது அந்த ஒல்லியான நெக்கின் மேல் ஏறும் இழுவை ஏறத்தாழ 80 கிலோ. அரை நூற்றாண்டுக்கு மேல் அதைத் தாங்கிய மரம் முன்பக்கம் வளைந்திருப்பதில் வியப்பில்லை. உள்ளே இரண்டு ட்ரஸ் ராடுகள் அருகருகே கிடக்கும். ஒவ்வொன்றும் இரண்டாக மடித்த எஃகு. இந்தப் பழைய வகை ராடுக்கு நெக்கை நிமிர்த்தும் வேலை கிடையாது, நிமிர்த்திய நெக்கைப் பிடித்து வைக்க மட்டுமே தெரியும். தந்திகளைத் தளர்த்தி, ராடுகளின் மரைகளையும் தளர்த்தி, நெக்கைக் கையால் வேண்டிய நிலைக்கு வளைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு மரையை இறுக்க வேண்டும். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் இரு ராடுகளையும் வெவ்வேறு அளவில் இறுக்கிச் சரிசெய்யலாம். 1980களில் வந்த புதிய ராடுக்குப் பழகிய கைகள் ஸ்பானரை மட்டும் நம்பித் திருகுகின்றன. விளைவு, தலைப்பக்கம் ஃபிங்கர்போர்டு பெயர்ந்து மேலே வருகிறது. பழைய கருவிகளில் காணும் சேதத்தில் கணிசமான பங்கு வாசித்தவர்கள் செய்ததல்ல, பழுதுபார்த்தவர்கள் செய்தது.

ஃபிரெட் மாற்றுவது அடுத்த வேலை. ரிக்கன்பேக்கரின் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டுக்கு மேல் பளபளப்பான பூச்சு உண்டு. ஒவ்வொரு ஃபிரெட்டின் ஓரத்திலும் கூர்மையான பிளேடால் ஒரு கோடு கீறிவிட்டுத்தான் அதைக் கிளப்ப வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு செதிலாகப் பெயரும். மொத்தப் பூச்சையும் தேய்த்து எடுத்துவிட்டு வெறும் மரமாக விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வேலை சுலபம்தான், ஆனால் விரலுக்குக் கிடைக்கும் அந்த வழுக்கல் போய்விடுகிறது.

தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டை வெட்டுவதில்தான் கை தெரியும். பன்னிரண்டு தந்திகள் 4 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய அகலத்துக்குள் அடங்க வேண்டும். மற்ற பன்னிரண்டு தந்திக் கிட்டார்களில் கீழ்நோக்கி மீட்டும்போது பிளெக்ட்ரம் முதலில் தொடுவது மெல்லிய ஆக்டேவ் தந்தியை. ரிக்கன்பேக்கரில் வரிசை தலைகீழ்: முதலில் தடித்த தந்தி, பின்னால் ஆக்டேவ். அந்தக் கருவியின் குணத்தில் பாதி இந்த வரிசையில் இருக்கிறது. அடிநாதம் முன்னே வந்து நிற்க, மினுமினுப்பு அதன் தோளில் ஏறி வருகிறது. இதைப் பிழையென்று எண்ணிப் பொதுவழக்கத்துக்கு மாற்றி நட் வெட்டிக் கொடுத்த கடைகள் உண்டு. இரு தந்திகளின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி அராவினால் மெல்லிய தந்தியின் மேல்விளிம்பு தாழ்ந்துபோகும். பிளெக்ட்ரம் அதைத் தாண்டிப் போய்விடும். எனவே ஆக்டேவ் தந்தியின் பள்ளத்தை ஒரு மயிரிழை உயர்த்தியே விடுவார்கள் தேர்ந்தவர்கள்.

பிரிட்ஜில் பெரிய வழக்கு. பழைய 360/12இல் தந்தி வந்து அமரும் சாடில் ஆறே. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜோடி. தடித்த தந்திக்கு நீளம் சற்றுக் கூடுதலாகவும், அதன் ஆக்டேவுக்குச் சற்றுக் குறைவாகவும் வேண்டும். ஒரே சாடில் இரண்டுக்கும் ஒத்துப்போக முடியாது. தடித்ததற்குச் சரியாக வைத்தால் மேல் ஃபிரெட்டுகளில் ஆக்டேவ் சுருதி இறங்கி நிற்கும். மேல் இரு ஜோடிகளில் இரண்டும் ஒரே தந்தி என்பதால் தொல்லையில்லை. மூன்றாம் ஜோடிதான் பொறுமையைச் சோதிக்கும்.

இதற்குத் தீர்வாகப் பன்னிரண்டு சாடில் கொண்ட பிரிட்ஜ் வந்தது. பொருத்துவது எளிது, சுருதிமானியில் எல்லா ஃபிரெட்டும் சுத்தம். 1965இல் வந்த ஃபெண்டர் எலெக்ட்ரிக் XIIஐக் கொண்டாடுபவர்கள் இந்தச் சுத்தத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். அது தொடக்கத்திலேயே தந்திக்கொரு சாடிலுடன் வந்தது, நல்ல கருவியும்கூட. ஆனால் 1964இல் ‘எ ஹார்டு டேஸ் நைட்’ பாடலின் முதல் கார்டில் ஜார்ஜ் ஹாரிசனின் 360/12 எழுப்பும் அலை சுத்தத்திலிருந்து வந்ததன்று. ஜோடியின் இரு தந்திகளும் ஒன்றையொன்று அரை மயிரிழை உரசிக்கொள்வதால் வரும் அசைவு அது. அதை நேராக்கிவிட்டால் கிடைப்பது ஆறு தந்திக் கிட்டாரும் ஒரு கோரஸ் பெடலும். ஆறு சாடிலை வைத்துக்கொண்டே, ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டுக்கும் நடுவான இடத்தைக் காதால் தேடி நிறுத்துவதே புனரமைப்பு. அந்த இடத்தைச் சுருதிமானி காட்டாது. ஏழாம் ஃபிரெட்டில் ஒரு கார்டைப் பிடித்துக் கேட்க வேண்டும்.

‘R’ வடிவ டெயில்பீஸ் விரிசல் விட்டிருந்தால் ஒட்டிப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

மின்பகுதியில் டோஸ்டர் பிக்கப்புகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பொட்டென்ஷியோமீட்டர்களைச் சுத்தம் செய்தால் இரைச்சல் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது டிரெபிள் பிக்கப்பின் வழியில் தொடராக நிற்கும் 0.0047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். கீழ்நாதத்தை வடிகட்டி, ஒலியை மெலிதாக்கும் சிறு பொருள் அது. ஒலி போதவில்லை என்று அதை வெட்டி எறிந்த காலம் ஒன்றிருந்தது. அந்தக் கம்பிமுனைகளில் அதை மீண்டும் பற்றவைத்த பிறகுதான் 1965இன் ரோஜர் மெக்குவின் நினைவுக்கு வருவார். அதற்கும் ஓர் எல்லை உண்டு: அவர் கிட்டார் வாசித்த ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாடலின் நீண்டு ஒலிக்கும் நாதத்தில் ஸ்டூடியோ கம்ப்ரெசருக்கும் பங்கு இருக்கிறது. 1988இல் அவர் பெயரில் வந்த 370/12இன் உள்ளேயே கம்ப்ரெசர் சுற்று வைத்தார்கள். கிட்டாரை மட்டும் சரிசெய்துவிட்டு அந்த ஒலி வரவில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை.

மேற்பூச்சைத் தொடவே கூடாது. ஃபயர்குளோ பூச்சின் சிவப்பு வெயிலில் வெளுத்து மஞ்சளாகியிருக்கலாம், முழங்கை பட்ட இடம் தேய்ந்திருக்கலாம். புதுப்பூச்சு அடித்த கருவிக்குச் சந்தையில் விலையும் குறைவு, காண்பவர் மனத்தில் மதிப்பும் குறைவு. ஈரத்துணியால் துடைத்து, உதிர்ந்த செக்கர்போர்டு பைண்டிங்கை மட்டும் ஒட்டினால் போதும்.

கடைசியாகத் தந்தி: மெல்லிய செட், முதல் தந்தி 0.010 அங்குலம். அதைவிடத் தடித்ததைப் போட்டால், மாற்றிய டெயில்பீஸும் நிமிர்த்திய நெக்கும் சில ஆண்டுகளில் அதே மேசைக்குத் திரும்பி வரும்.