ஒரு கணம் தாமதிக்கும் கை

ரக்பி லீகில் பந்தைக் கையால் முன்னே எறியக் கூடாது. பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்க வேண்டும். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரே பதின்மூன்று பேர் வரிசை கட்டி நிற்க, பின்பக்கம் பாஸ் கொடுத்துக்கொண்டே முன்னேற வேண்டும். இந்தக் கோணல் விதிதான் ஹாஃப்பேக் என்கிற ஆட்டக்காரரை உண்டாக்கியது. மற்றவர்கள் மோதுவார்கள், யோசிப்பது அவர் வேலை. அப்படி யோசித்தவர்களில் என் ரசனைக்கு முதலில் நிற்பவர் ஆஸ்திரேலியாவின் ஜொனாதன் தர்ஸ்டன். விருதுகள் குவிந்த பிற்காலத் தர்ஸ்டனைவிட, 2005 வரையிலான அந்த ஒல்லிப் பையனின் ஆட்டம்தான் எனக்கு ருசி.

1983இல் பிரிஸ்பேனில் பிறந்தவர். தாய்வழியில் குங்காரி பழங்குடியினர். திறமையைப் பார்த்தவர்கள்கூட உடம்பைப் பார்த்துத் தயங்கினார்கள். நூறு கிலோ ஆட்கள் முழு வேகத்தில் வந்து மோதும் ஆட்டத்துக்கு இந்த எலும்பும் தோலும் தாங்குமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். சிட்னியின் புல்டாக்ஸ் அணி அவருக்கு இடம் கொடுத்தது. 2002இல் முதல்நிலை ஆட்டத்தில் இறங்கினார். ஆனால் அங்கே பிரென்ட் ஷெர்வினும் பிரெய்த் அனாஸ்டாவும் இருந்தார்கள். ஹாஃப்பேக் இடத்துக்கு நிரந்தரமாக வர வழியில்லை. பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, கிடைத்த நிமிடங்களில் ஏதாவது செய்துகாட்ட வேண்டிய நிலை.

2004 லீக் இறுதிப் போட்டியிலும் அவர் பெஞ்சில்தான் இருந்தார். அந்த இடமும் கேப்டன் ஸ்டீவ் பிரைஸ் காயம்பட்டு விலகியதால் வந்தது. ரூஸ்டர்ஸ் அணியை 16–13 என்று வென்ற பிறகு வீரர்களுக்குக் கோப்பை மோதிரம் கொடுத்தார்கள். ஒரு ஆட்டக்காரர் வாழ்நாள் முழுக்க ஆடியும் கிடைக்காமல் போகக்கூடிய மோதிரம் அது. இருபத்தொரு வயதுத் தர்ஸ்டன் அதைப் பிரைஸிடம் கொடுத்துவிட்டார். இதைத் தியாகக் கதையாக்கிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் தெரிவது கொஞ்சம் கர்வமும்தான். எனக்கானதை நானே சம்பாதித்துக்கொள்கிறேன் என்கிற, நல்ல ஆட்டக்காரனுக்கு இருக்க வேண்டிய கர்வம்.

அடுத்த ஆண்டு நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணிக்குப் போனார். பிரிஸ்பேனுக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வெயிலும் புழுக்கமுமான கடலோர ஊர் டவுன்ஸ்வில். அங்கேதான் அவருடைய கை முழுதாக வெளிப்பட்டது.

அந்தக் கை செய்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சாதாரண ஹாஃப்பேக் தடுப்பு வரிசைக்கு நாலைந்து அடி முன்பே பந்தைக் கொடுத்துவிடுவார். பத்திரமான வழி, தடுப்பாளருக்கும் அதுவே வசதி, பந்து போன பக்கம் திரும்பிக்கொள்வார். தர்ஸ்டன் கொடுக்க மாட்டார். பந்தை இரண்டு கைகளாலும் மார்புக்கு முன்னே பிடித்தபடி நேராக வரிசையை நோக்கி ஓடுவார். பக்கத்தில் ஒரு பெரிய ஆள் குறுக்காகப் பாய்ந்து வருவார். அவருக்குப் பின்னால் ஃபுல்பேக் மேட் போவன் வளைந்து வருவார். கபடியில் பாடிவருகிறவர் கோட்டருகே காலை நீட்டி ஆசை காட்டுவாரே, அப்படிப் பந்தைக் காட்டியே ஓடுவார். எதிரே நிற்பவருக்கு மூன்று சந்தேகம்: முன்னவருக்கா, பின்னவருக்கா, இவரேவா? தடுப்பாளரின் இடுப்பு ஏதோ ஒரு பக்கம் அரை அங்குலம் திரும்பும். அது திரும்பிய பிறகுதான் பந்து கையை விட்டுப் போகும், திரும்பாத பக்கத்துக்கு. பாஸ் போன அடுத்த நொடி தர்ஸ்டன் தரையில் கிடப்பார், மேலே ஒரு மலை மனிதர். அந்த அடியை வாங்கச் சம்மதித்தால்தான் இந்தத் தாமதம் கைகூடும். ஒல்லி உடம்போடு ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் அதற்குச் சம்மதித்தார்.

போவனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். குள்ளமான, வழுக்கிக்கொண்டு ஓடும் ஆள். 2005இல் இந்த இருவரும் சேர்ந்து ஆடியதைப் பார்க்காதவர்களுக்குக் கவ்பாய்ஸ் அணியின் அருமை பாதிதான் தெரியும்.

அதே ஆண்டு குயின்ஸ்லாந்துக்காக ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில் முதல்முறை இறங்கினார். நியூ சவுத் வேல்ஸுக்கு எதிரான இந்த வருடாந்தரத் தொடர்தான் ரக்பி லீகில் ஆகக் கடுமையானது என்பார்கள். முதல் ஆட்டம் பிரிஸ்பேனில். குயின்ஸ்லாந்து பெரிய முன்னிலையைப் பறிகொடுத்து, கடைசி நிமிடங்களில் 19–20 என்று ஒரு புள்ளி பின்தங்கி நின்றது. பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் அன்று ஒரு புள்ளி. அணியில் அனுபவசாலிகள் இருந்தும், உதைத்தது முதல் ஆட்டம் ஆடிய தர்ஸ்டன். 20–20. கூடுதல் நேரத்தில் எதிரணியின் பிரெட் கிமோர்லி கொடுத்த பாஸை இடைமறித்து ஓடி ஆட்டத்தை முடித்தவர் போவன். அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு மூத்த ஹாஃப்பேக் ஆண்ட்ரூ ஜான்ஸ் திரும்பிவந்து தொடரை நியூ சவுத் வேல்ஸுக்கு வாங்கிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வித்தையின் மூத்தவரிடம் நேரில் தோற்றது இளையவருக்குப் பாடமாகத்தான் இருந்திருக்கும்.

சீசன் முடிவில் ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கம் அவருக்கு. அரையிறுதியில் பாரமட்டா அணியை 29–0 என்று நசுக்கிக் கவ்பாய்ஸ் முதல்முறை இறுதிக்குப் போனது. அங்கே வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 30–16 என்று தோற்றது. அன்றைய கதாநாயகன் எதிரணியில் இருந்தார்: இருபது வயது பென்ஜி மார்ஷல். சொந்தப் பாதியிலிருந்து ஓடிவந்து அவர் சக வீரர் பேட் ரிச்சர்ட்ஸுக்குச் சுண்டிவிட்ட பாஸை இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒருமுறை பார்த்ததும் வாய்பிளக்க வைக்கும் அழகு. தர்ஸ்டனுடையது நாலாவது முறை பார்க்கும்போது பிடிபடுவது. நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு நடந்தவை ஊரறிந்தவை: இன்னும் மூன்று டாலி எம் பதக்கங்கள், ஆரிஜினில் தொடர்ந்து 36 ஆட்டங்கள், 2015இல் கூடுதல் நேரத்தில் அவரே உதைத்த ஒரு புள்ளியில் கவ்பாய்ஸின் முதல் கோப்பை. ஆட்டம் முடிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கூட்டத்தில் நிற்கும் ஒரு குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் 2018இல் ஓய்வு பெறும்வரை அவரிடம் இருந்தது.

2005 ஆட்டங்களின் பதிவுகள் கைக்குக் கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். பந்தின் பின்னால் கண்ணை ஓடவிடாதீர்கள். தர்ஸ்டனுக்கு எதிரே நிற்கும் தடுப்பாளரின் இடுப்பைப் பாருங்கள்.