பனியன் ஊரில் ஜான் பனியன்: சந்தையா, தூக்கமா?

ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' நூலைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'மோட்சப் பிரயாணம்' என்று அறிவார்கள். (பனியன் கம்பெனிகளுக்கு நடுவே மண்ணரையில் உட்கார்ந்துகொண்டு பனியனைப் பற்றி எழுதினால் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.) அந்த நூலிலிருந்து பிரசங்கங்களில் அதிகம் எடுத்தாளப்படுவது மாயச்சந்தைக் காட்சி. பட்டம், பதவி, பொன், கேளிக்கை எல்லாம் அங்கே விற்கிறார்கள். விசுவாசி அதைப் பார்த்து மயங்காமல் கடந்து போக வேண்டும். இன்றைய சந்தை நம் கையில் இருக்கும் போன், ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு, சினிமா. ஆகவே கவனம் தேவை. நான் கேட்ட பிரசங்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

நான் விசுவாசி என்ற இடத்திலிருந்து எழுதவில்லை, வாசகனாகத்தான் எழுதுகிறேன். வாசகனாகப் பார்த்தால் இந்த விளக்கம் நூலோடு ஒத்துவரவில்லை.

அந்தக் காட்சியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கிறிஸ்தியனும் அவன் துணைவனும் சந்தைக்குள் நுழைகிறார்கள். அவர்கள் ஒரு நொடிகூடத் தடுமாறுவதில்லை. கடைக்காரர்கள் கூப்பிட்டால் காதில் விரலை வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறார்கள். என்ன வாங்குவீர்கள் என்று கேட்டால், உண்மையைத்தான் வாங்குவோம் என்கிறார்கள். சபலம் என்று சொல்ல அங்கே ஒரு வரி கிடையாது. அடுத்து வருவது கைது, கூண்டு, பொய்ச்சாட்சி, ஒருதலைப்பட்சமான நீதிபதி. துணைவன் உயிரோடு எரிக்கப்படுகிறான். அதாவது அந்த அத்தியாயத்தின் பொருள் அதிகாரம். ஆசைக்கு அதில் பெரிய வேலை இல்லை. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் கிடந்த ஒரு பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி அதை எழுதியிருக்கிறார். சிறைக்குள் இருந்தபடி லேஸ் செய்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். நூலின் முதல் பாகம் 1678-ல் வந்தது.

அப்படியானால் பயணி கவனம் இழக்கும் இடம் எது? நான் தேடிப் பார்த்த வரையில் முக்கியமானவை மூன்று. மூன்றிலும் காரணம் களைப்புதான்.

முதலாவது, கஷ்டமலை. பாதி ஏறியதும் ஒரு நிழற்பந்தல். கிறிஸ்தியன் உட்காருகிறான், தூங்கிவிடுகிறான், கையிலிருந்த சுருள் நழுவி விழுகிறது. நம்ம ஆட்கள் இதைச் சோம்பலின் தண்டனை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பந்தலைப் போட்டது யார்? மலையின் எஜமானே, களைத்து வருகிறவர்களுக்காகப் போட்டது. அது சாத்தான் வைத்த பொறி கிடையாது. இந்த ஒரு விவரத்தை விட்டுவிட்டால் கதையே கறாரான மேனேஜரின் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, பாதை கரடுமுரடாகிக் கால் வலிக்கும்போது பக்கத்திலே தெரியும் புல்வெளி. கால் வலிதான் அவர்களை அந்தப் பக்கம் இறக்குகிறது. இறங்கியவர்கள் அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையில் போய் மாட்டுகிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயணம் ஏறக்குறைய முடியப்போகும் நேரத்தில் வருகிற மயக்க நிலம். அங்கே காற்றே தூக்கத்தை வரவழைக்கும். கடை இல்லை, அழகி இல்லை, அரக்கன் இல்லை. புதிதாகச் சேர்ந்த துணைவன், கொஞ்சம் படுத்துக்கொள்ளலாமே என்கிறான். படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று கிறிஸ்தியன் தடுக்கிறான். அதோடு விட்டுவிடாமல், நீ எப்படி இந்த வழிக்கு வந்தாய், உன் கதையைச் சொல் என்று கேட்கிறான். ஒருவன் சொல்ல, மற்றவன் இடையிடையே கேள்வி கேட்க, அந்த நிலத்தைத் தாண்டுகிறார்கள். விழித்திரு என்ற கட்டளையோடு விழித்திருக்க ஒரு வழியும் அங்கே கிடைக்கிறது.

திருப்பூரில் இதை ஏன் பேச வேண்டும்? இங்கே சபைகளுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டால் ஒன்றரை ஷிப்ட் என்பது சாதாரணம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வீடு போய்ச் சேர எத்தனை மணி ஆகும் என்று பவர் டேபிளில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஞாயிறு காலை ஆராதனையில் அந்தப் பெண் கண்ணயர்ந்தால், அவளிடம் போய் உலக ஆசை என்று பேசுவது தப்பான நோய்க்கு மருந்து எழுதுவது. போனும் இதில் சேர்ந்ததுதான். ராத்திரி பதினோரு மணிக்கு ரீல்ஸ் தள்ளுகிற விரலில் ஆசை கொஞ்சம்தான் இருக்கும், வேறெதற்கும் தெம்பில்லை என்பதுதான் அதிகம். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் வேலையில் இருக்கிறவன், எனக்கும் அது தெரியும்.

இந்தக் கோணத்தில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' வேறு மாதிரி தெரிகிறது. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனில் ஊறியவர் என்பதால் கிறித்தவக் கம்பர் என்ற பெயரும் உண்டு. பனியனை வழிநூலாகக் கொண்டு 5 பருவங்களில் 3766 பாடல்கள். 13 ஆண்டுகள் 'நற்போதகம்' மாத இதழில் தொடராக வந்து 1894-ல் நூலானது. ஆராய்ச்சிக்காரர்கள் பொதுவாக இதைக் கம்பனின் நடையோடு ஒப்பிடுவதிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அவர் சேர்த்த பகுதி.

பனியனில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கம். பயணி நிமிர்ந்து பார்க்கிறான், முதுகுச் சுமை கழன்று உருள்கிறது, போய்விடுகிறான். கிருஷ்ணபிள்ளை அப்படி விடவில்லை. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்று வைத்து, இயேசுவின் கடைசி நாட்களை விரிவாகச் சொல்கிறார். ஏளனம், அடி, பிலாத்துவின் விசாரணை, அத்தனைக்கும் நடுவே அவர் காக்கும் மௌனம். காப்பியத்தின் ஓட்டம் தடைபடுகிறதே என்று விமர்சனம் வரலாம், நியாயம்தான். ஆனால் அந்தத் தடையால் ஒன்று நடக்கிறது. பனியனின் பயணி ஓயாமல் தன்னையே பரிசோதிக்கிறவன்: சுருள் இருக்கிறதா, சுமை இருக்கிறதா, வழி தவறினேனா. கிருஷ்ணபிள்ளை வாசகனின் கண்ணை அவன்மேலிருந்து எடுத்து இன்னொருவர்மேல் வைக்கிறார். களைத்தவனுக்கு இது எளிது. தன்னைத்தானே கண்காணிப்பதற்குத் தெம்பு வேண்டும், கதை கேட்பதற்கு அவ்வளவு வேண்டாம். மயக்க நிலத்தில் பனியன் கையாண்ட வழியை இவர் நூலின் நடுவிலேயே பெரிதாக வைத்துவிட்டார் என்று படிக்க இடமிருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். அந்த விருத்தங்கள் பதம் பிரித்து உரை சொல்ல ஆள் இல்லாமல் இன்று யாருக்கும் கைக்கு எட்டாது. பாத்திரம் பழுதுபார்த்தவரின் எளிய உரைநடை, இங்கே பண்டிதர் சபைக்கு ஏறிவிட்டது. பள்ளிப் பாடத்தில் சில செய்யுள், இலக்கணக்குறிப்பு, அத்தோடு முடிந்தது. மண்ணரைப் பக்கத்து லைன் வீடுகளில் வேலை முடிந்து கூடும் ஜெபக்கூட்டத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை. ஆனால் அங்கே சாட்சி சொல்லும் வழக்கம் இருக்கிறது. நான் எப்படி வந்தேன் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்பது. மயக்க நிலத்தில் நடந்தது அதேதான். அதைப் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே ஐந்து நிமிடமாகச் சுருக்காமல் இருந்தால் நல்லது.

பைபிளிலேயே இதற்கு ஒரு முன்னோட்டம் உண்டு. துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போகிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாவது மாடியிலிருந்து விழுந்துவிடுகிறான். பவுல் திட்டவில்லை. இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொள்கிறார், அவன் பிழைக்கிறான். பிறகு மேலே வந்து அப்பம் பிட்டுச் சாப்பிட்டு, விடியும் வரை மறுபடி பேசுகிறார். அந்தப் பையன் அந்த இரண்டாவது பேச்சையாவது விழித்திருந்து கேட்டானா என்று லூக்கா எழுதவில்லை.