ஐந்தாம் கட்டமும் படலையில் நின்ற சனங்களும்

பாதுகாப்புக் கைநூல்களை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. ஐக்கிய நாடுகள் சபை தனது பணியாளர்களுக்கென வைத்திருந்த கைநூலும் அப்படி வாசிக்கத் தூண்டுவதல்ல. இலக்கமிட்ட பந்திகள், வரட்டு வசனங்கள், யார் யாருக்கு எப்போது அறிவிக்கவேண்டும் என்ற ஒழுங்குமுறைகள். ஆனால் ஆட்களின் உயிரைத் தரம்பிரிக்கும் எந்த எழுத்தும் ஒரு பிரதிதான். அதில் எங்கே பேசப்படுகிறது, எங்கே மௌனம் காக்கப்படுகிறது என்று பார்க்கும் உரிமை, அந்த மௌனத்துக்குள் விடப்பட்டவர்களுக்கு உண்டு. எம்மவர் இந்தப் பிரதியை எப்போதோ கையில் எடுத்திருக்கவேண்டும்.

2010 முடியும்வரை நடைமுறையில் இருந்த முறையில் ஐந்து கட்டங்கள் இருந்தன. முதலாவது முன்னெச்சரிக்கை. இரண்டாவது நடமாட்டக் கட்டுப்பாடு: வீட்டில் இரு, அனுமதியின்றி வெளியே போகாதே. மூன்றாவது இடமாற்றம்: சர்வதேசப் பணியாளரும் அவர்களது குடும்பங்களும் பாதுகாப்பான இடமொன்றுக்குக் கொண்டுபோகப்படுவர். நான்காவது அவசரகாலப் பணி: நிவாரணத்துக்கும் பாதுகாப்புக்கும் நேரடியாகத் தேவைப்படாதோர் புறப்படவேண்டும். ஐந்தாவது வெளியேற்றம். அதற்குச் செயலாளர் நாயகத்தின் ஒப்புதல் வேண்டும்.

நேர்த்தியான ஏணி. ஆபத்து ஒரு படி கூடினால் நடவடிக்கையும் ஒரு படி கூடும். ஒரு நாட்டின் நிலைமையை அளக்கும் கருவிபோல இது தோன்றும். உண்மையில் இது அளப்பது நாட்டையல்ல. அந்த நாட்டில் ஒரு குறிப்பிட்ட வகை ஆட்கள் தொடர்ந்து இருக்கலாமா என்பதை மட்டுமே. ஐந்தாம் கட்டம் அறிவிக்கப்பட்ட ஊரில் எஞ்சியிருக்கும் சனத்துக்கு ஆறாம் கட்டம், ஏழாம் கட்டம் என்று ஒன்றும் கிடையாது. கடைசி விமானம் எழும்பியதோடு பிரதி முடிந்துவிடுகிறது.

இந்தப் பிரதியின் மையச் சொல் ‘சர்வதேச’ என்பது. எமது மேடைகளில் ‘சர்வதேச சமூகமே’ என்று விளித்து விளித்துத் தொண்டை வரண்டுபோன எமக்கு இந்தச் சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. கைநூலில் அதற்கு அப்படிப் பெரிய பொருள் ஒன்றும் இல்லை. அது ஒரு நியமனக் கடிதத்தின் வகை, அவ்வளவே. யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர் ஒருவர் காபூலில் ஐ.நா.வுக்கு வேலை செய்தால் அவர் சர்வதேசப் பணியாளர். ஐந்தாம் கட்டத்தில் அவருக்கு விமானத்தில் இடம் உண்டு. அதே ஆள் கிளிநொச்சியில் அதே சபைக்கு வேலை செய்தால் அவர் உள்ளூர்ப் பணியாளர். ஆகவே இதை வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்துப் பேசினால் விடயம் தப்பிப்போகும். ஓர் ஆள் தன் சொந்த மண்ணில் நிற்கும்போது அவரது உயிரின் மதிப்பு குறைகிறது என்பதே இந்தப் பிரதி சொல்லும் விசித்திரம்.

உள்ளூர்ப் பணியாளர் பற்றிக் கைநூல் ஒன்றுமே சொல்லவில்லை என்றில்லை. சம்பள முற்பணம் கொடுக்கலாம், விடுமுறை கொடுக்கலாம். நாட்டைவிட்டு வெளியேற்றுவது மிக விதிவிலக்கான சந்தர்ப்பங்களில் மட்டும்: அதாவது சபையிடம் வேலைசெய்ததன் நேரடி விளைவாக அவருக்கு ஆபத்து ஏற்பட்டிருந்தால். இந்த ‘நேரடி விளைவு’ என்ற சொற்களில் கொஞ்சம் தரித்து நிற்கவேண்டும். ஒருவர் துட்சியாகப் பிறந்ததால், பொஸ்னிய முஸ்லிமாகப் பிறந்ததால், வன்னியில் இருந்ததால் கொல்லப்படலாம் என்றால் அது பொதுவான ஆபத்து. சபையின் வேலையால் வந்ததல்ல. ஆகவே விதிவிலக்கு அவருக்குப் பொருந்தாது.

இந்தத் தர்க்கம் எமக்குப் புதிதல்ல. தஞ்சம் கேட்டுப்போன அலுவலக மேசையில் எம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறோம்: உமது நாட்டில் யுத்தம் நடப்பது தெரியும், அது எல்லாருக்கும் பொது, உமக்குத் தனிப்பட என்ன ஆபத்து? எல்லாரும் சாகக்கூடிய இடத்திலிருந்து வந்தவன் தான் மட்டும் சாகக்கூடியவன் என்று நிரூபிக்கவேண்டும். உள்ளே விடுவதற்கு ஐரோப்பா கேட்ட கேள்வியும், வெளியே கொண்டுபோவதற்கு ஐ.நா. கேட்ட கேள்வியும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இந்த விதிகள் கோழைகளால் எழுதப்பட்டவை அல்ல. 2003 ஓகஸ்ட் 19இல் பக்தாத்தின் கனால் ஹோட்டலில் வெடித்த லொறிக்குண்டு 22 பேரைக் கொன்றது. செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ இடிபாடுகளுக்குள் கிடந்து இறந்தார். அதை விசாரித்த அத்திசாரி குழு, பாதுகாப்பு முறையே செயலிழந்த ஒன்று என்று எழுதியது. 2007 டிசம்பர் 11இல் அல்ஜியர்ஸில் ஐ.நா. பணியாளர் 17 பேர் இறந்தனர். அவர்களிலும் பெரும்பாலானோர் அந்நாட்டவரே. யாரும் எமக்காகச் செத்துக் காட்டவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கணக்கெடுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதே எமது கேள்வி.

1995 யூலையில் ஸ்ரெப்ரெனிற்சாவில் நடந்தது கைநூலின் நேரடி உதாரணம் அல்ல. அது நீலத்தொப்பிப் படையினரின் கதை. ஆனால் அந்தத் தர்க்கத்தை முழு நிர்வாணமாகக் காண்பதற்கு அங்கேதான் போகவேண்டும். பொட்டோச்சாரியிலிருந்த டச்சுப் படைமுகாமுக்குள் ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்தனர். யூலை 13இல் அவர்கள் வெளியே அனுப்பப்பட்டனர். ஐ.நா. அடையாள அட்டை உள்ளவர்கள் இருக்கலாம். ஹசன் நுஹானோவிச் அங்கு மொழிபெயர்ப்பாளர். அவரிடம் அட்டை இருந்தது. பெற்றோரிடமும் தம்பியிடமும் இல்லை. தகப்பன் செர்பியத் தளபதியுடனான பேச்சுக்குப் போனவர்களில் ஒருவர் என்பதால் அவர் இருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். அவர் இளைய மகனை விட்டுவிட்டு இருக்க மறுத்து அவனோடு வெளியே நடந்தார். மூவரும் கொல்லப்பட்டனர். வெளியே போகும்படி தன் குடும்பத்துக்கு டச்சு அதிகாரிகள் சொன்னதை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருந்தது ஹசனே. முகாமில் மின்னியலாளராக வேலைசெய்த றிஸோ முஸ்தாபிச் அங்கேயே இருந்திருக்கவேண்டியவர்; தவறுதலாக வெளியே அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். நுஹானோவிச்சின் தகப்பன், தம்பி, முஸ்தாபிச் ஆகிய மூவரது சாவுக்கும் நெதர்லாந்து அரசே பொறுப்பு என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2013 செப்டெம்பரில் தீர்ப்பளித்தது. பதினெட்டு வருடங்கள். ஒரு பட்டியலில் பெயர் இல்லாமற்போனது குற்றம்தான் என்று ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் எடுத்தது.

விதி என்றால் விதிதான், வேறென்ன செய்திருக்கமுடியும் என்று கேட்பவர்களுக்குக் கிழக்குத் திமோரைக் காட்டலாம். 1999 ஓகஸ்ட் 30இல் அங்கே வாக்கெடுப்பு. வாக்கெடுப்புக்குப் பிறகும் இருப்போம் என்று ஐ.நா. ஊரூராகச் சொல்லியிருந்தது. செப்டெம்பர் 4இல் முடிவு வந்தது: 78.5 வீதம் சுதந்திரத்துக்கு. அன்றிலிருந்து இந்தோனேசிய இராணுவத்தின் அனுசரணையுடன் ஆயுதக் குழுக்கள் ஊர்களை எரித்தன. டிலியில் ஐ.நா. வளவை அடுத்திருந்த பாடசாலையில் ஒதுங்கிய சனம், பிள்ளைகளை முட்கம்பிக்கு மேலால் வளவுக்குள் எறிந்துவிட்டுத் தாமும் ஏறி விழுந்தது. ஐந்தாம் கட்டம் வந்தது. முழுப்பேரும் வெளியேறுவதென்று செப்டெம்பர் 8இல் முடிவாகியது. முழுப்பேர் என்றால் வழக்கமான முழுப்பேர்.

அப்போது பணியாளர்கள் மறுத்தனர். இந்தச் சனத்தை விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று கையெழுத்து வைத்தனர். பயணம் பிற்போடப்பட்டது. செப்டெம்பர் 10இல் பெரும்பாலானோர் புறப்பட, எண்பது பேரளவில் தாமாக முன்வந்து தங்கினர். செப்டெம்பர் 14 அதிகாலையில் வளவிலிருந்த 1,400க்கும் மேற்பட்ட திமோரியர் டார்வினுக்கு விமானத்தில் கொண்டுபோகப்பட்டனர். விதியில் அதற்கு இடம் இருக்கவில்லை. விதியை நடைமுறைப்படுத்தவேண்டியவர்கள் தமது கையை இழுத்துக்கொண்டதால் இடம் உண்டானது. இதை வீரகாவியமாக்கவும் கூடாது. வளவுக்கு வெளியே, மாவட்டங்களில், வாக்குச்சாவடிகளில் வேலைசெய்த உள்ளூர்ப் பணியாளர் பலர் கொல்லப்பட்டனர். வேலிக்கு மேலால் ஏறி விழ முடிந்தவர்களே தப்பினர்.

கிளிநொச்சியில் வேலி ஏறி விழுவதாலும் பயன் இருக்கவில்லை. 2008 செப்டெம்பர் ஆரம்பத்தில், உங்கள் பாதுகாப்புக்கு இனி உத்தரவாதம் தரமுடியாது என்று இலங்கை அரசு அறிவித்தது. செப்டெம்பர் 16இல் ஐ.நா.வின் வெள்ளை வாகனங்கள் ஏ9 வழியே ஓமந்தையைத் தாண்டின. அதற்கு முந்திய நாட்களில் அலுவலகப் படலையில் திரண்டு, போகாதேயுங்கோ என்று மன்றாடிய சனத்தைப் பிறகு ‘யுத்தசூனிய வலயம்’ படத்தில் உலகம் கண்டது. கைநூல் மொழியில் இது வெளியேற்றம்கூட அல்ல, ‘இடமாற்றம்’. இங்கே சொற்களின் விளையாட்டைக் கவனிக்கவேண்டும். அதே வன்னியில் அதே கிழமையில் மாட்டுவண்டியிலும் உழவு இயந்திரத்திலும் கூரைத்தகரத்தோடு கிழக்கே நகர்ந்த சனம் செய்ததற்குப் பெயர் ‘இடம்பெயர்வு’. ஒன்று நிர்வாக நடவடிக்கை, மற்றது அவலம். பாதுகாப்பான திசையில் போக முடிந்தது முன்னையவர்களுக்கு மட்டும்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு போகவில்லை. 2009இன் ஆரம்பம்வரை வன்னிக்குள் இருந்தது. ஆபத்தின் அளவு இரண்டு அமைப்புகளுக்கும் ஒன்றே. ஏணி இயற்கைவிதியல்ல என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

2012 நவம்பரில் வெளிவந்த உள்ளக மீளாய்வு அறிக்கையை, பெற்றி அறிக்கை என்று நாம் சொல்வதை, புலம்பெயர்ந்த நாம் எப்படி வாசித்தோம்? ‘முறைமையின் தோல்வி’ என்ற சொற்களை எடுத்து முழங்கினோம். ஐ.நா. எம்மைக் கைவிட்டது என்ற வசனம் எமக்குப் போதுமாக இருந்தது. உள்ளூர்ப் பணியாளர் பற்றி அந்த அறிக்கை சொல்வதை நாம் விரைவாகப் புரட்டிவிட்டோம். ஏனெனில் அங்கே இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று ஐ.நா.வின் விதி. மற்றது விடுதலைப் புலிகளின் பாஸ். வெளியே போவதற்கு விரும்பிய பணியாளர் பலரையும் அவர்களது குடும்பங்களையும் புலிகள் விடவில்லை. நியூயோர்க்கின் கைநூலைக் கண்டிக்கும் எவரும் கிளிநொச்சியின் பாஸ் கந்தோரைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையான வாசிப்பாகாது. ஒருவன் நீ எங்கள் ஆளல்ல என்று விட்டுப்போனான். மற்றவன் நீ எங்கள் ஆள் என்று பிடித்துவைத்தான். இரண்டுக்கும் நடுவில் நின்றவர் ஒரே ஆள்தான்: சாரதி, களஞ்சியப் பொறுப்பாளர், எழுதுவினைஞர்.

2009 ஜனவரியில் உணவுத் தொடரணியுடன் உள்ளே போன ஐ.நா. குழுவில் சர்வதேசப் பணியாளர் இருவர் திரும்பிவராமல் தங்கினர், உள்ளூர்ப் பணியாளரையும் குடும்பங்களையும் கூட்டிவர முயல்வதற்காக. அரசாங்கமே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள், சுதந்திரபுரத்தில், அவர்களும் சனத்தோடு சேர்ந்து எறிகணைக்குள் அகப்பட்டனர். அவர்களைப் பற்றி எமது ஊர்வலங்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை. கைவிட்டவன், கைவிடப்பட்டவன் என்ற எமது கதையாடலுக்குள் அவர்கள் அடங்கவில்லைப் போலும்.

2011 ஜனவரியிலிருந்து ஐந்து கட்டங்கள் நீங்கி ஆறு மட்டங்கள் வந்தன. மிகக் குறைவு என்பதிலிருந்து அதிதீவிரம் என்பதுவரை. மட்டம் உயர்ந்ததும் தானாகவே வெளியேறுவது என்றில்லாமல், ஆபத்தைத் தனியாகவும் நடவடிக்கையைத் தனியாகவும் கணிப்பது என்றானது. ‘எப்போது போவது’ என்பதை விட்டு ‘எப்படி இருப்பது’ என்று கேட்போம் என்றார்கள். நல்ல மாற்றம்தான். இருப்பது என்றால் யார் இருப்பது? மண்மூடைக்கும் கொங்கிறீற் சுவருக்கும் பின்னால் அலுவலகம் இருக்கும். சுவருக்கு வெளியே போய் அரிசி அளந்து கொடுப்பவர் ஊரவராக இருப்பார். மூதூரில் அது 2006லேயே தெரிந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர், பதினாறு தமிழரும் ஒரு முஸ்லிமும், அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். சர்வதேசப் பணியாளர் எவரும் அங்கே இருக்கவில்லை. காஸாவில் 2023 ஒக்ரோபருக்குப் பிறகு கொல்லப்பட்ட பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனத்தின் பணியாளர் தொகை 2025க்குள் 300ஐத் தாண்டிவிட்டது. அநேகமாக எல்லாரும் அந்த மண்ணின் ஆட்கள், தாமே அகதிகள். புதிய முறை வந்தபின் எழுதப்பட்ட கொள்கை நூலிலும் அந்த ‘நேரடி விளைவு’ வசனம் அழியாமல் இடம்பிடித்தது.

கிளிநொச்சியில் விடப்பட்ட ஐ.நா. பணியாளரின் கதை இன்னும் எழுதப்படவில்லை. அங்கு வேலைசெய்த பெஞ்சமின் டிக்ஸ், லின்ட்சே பொலொக்குடன் சேர்ந்து 2019இல் ‘வன்னி’ என்ற சித்திர நாவலை வெளியிட்டார். போனவர் தமது பங்குக்கு எழுதினார். நின்றவர்கள் எழுதவில்லை. அவர்களில் சிலர் இன்று நாம் வாழும் இதே நகரங்களில், எமது பக்கத்து மாடிகளில் இருக்கக்கூடும். படலை பூட்டப்பட்ட பிறகு வாகனச் சாவியை யாரிடம் கொடுத்தார்கள், களஞ்சியத்தில் என்ன மிச்சம் இருந்தது, சம்பள முற்பணம் எத்தனை நாளைக்குக் காணுமாயிருந்தது, பாஸ் கேட்டுப் போனபோது என்ன சொன்னார்கள் என்று அவர்கள் எழுதினால், பெயர் போட்டோ போடாமலோ, அதை முதலில் வாசிக்க நாம் காத்திருக்கிறோம்.