தூரிகையை வைத்தவரின் சதுரம்

நெதர்லாந்தின் வேர்ட் நகரில் 1941இல் பிறந்த யான் டிபெட்ஸ், 1967இல் ஓவியம் வரைவதை நிறுத்திக் கமராவைக் கையிலெடுத்தார். ஓவியத்தைக் கைவிட்டார் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரது 'பார்வைக்கோணத் திருத்தங்கள்' படவரிசையைப் பாருங்கள். புல்தரையில் கயிற்றால் ஒரு சரிவகம். கமராவுக்கு அருகிலுள்ள பக்கம் குட்டை, அப்பாலுள்ளது நீளம். படத்திலோ அது சதுரமாகி, தரையைவிட்டு எழுந்து நிற்கிறது! தொலைவு கூடக்கூடப் பொருள் சிறுக்கும் என்று ஓவியர்கள் நூற்றாண்டுகளாகக் கையாண்ட விதியைத்தான் அவர் தலைகீழாக்கினார். கமராவுக்கு ஒற்றைக்கண், அது நின்ற இடத்திலிருந்து மட்டுமே சதுரம் தெரியும். நாலடி விலகினால் வெறுங்கயிறு. இதை மூளை விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. இருக்கட்டும். கயிறு புல்லில்தான் கிடக்கிறதென்று அறிந்த பின்னும் என் கண் அதைத் தரையில் படுக்கவைக்க மறுக்கிறது. தூரிகை தொடாத ஓர் ஓவியன் அங்கே வேலை செய்திருக்கிறான்.