தலைமுறை தாண்டும் பட்டறிவு

பரிணாம அல்காரிதங்களின் மூத்த பள்ளிகள் 1960களில் பெர்லினிலும் கலிஃபோர்னியாவிலும் மிச்சிகனிலும் தனித்தனியே முளைத்தவை. மூன்றுக்கும் ஆதாரம் டார்வின்தான்: பல விடைகளை உண்டாக்கு, தேறாததைக் கழி, தேறியதைக் கலந்தும் மாற்றியும் அடுத்த தலைமுறையை எழுப்பு. ஆனால் கழிக்கப்பட்ட விடை, தான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது.

இந்த இழப்பைத் தடுக்க முனைந்தவர் ராபர்ட் ரெனால்ட்ஸ். மெக்சிகோவின் ஓஹாகாவில், கீலா நாகிட்ஸ் குகையில் கென்ட் ஃப்ளானரி நடத்திய அகழாய்வை ஒட்டி அவர் ஒரு கணினி மாதிரி அமைத்தார். காட்டுச் செடிகளைச் சேகரித்து வாழ்ந்த சிறு கூட்டம் பயிரிடத் தொடங்கியது எப்படி என்பதே கேள்வி. மழை மிகுந்த ஆண்டில் எது கைகொடுத்தது, வறண்ட ஆண்டில் எது காப்பாற்றியது என்ற நினைவு அக்கூட்டத்துக்குப் பொதுவாக இருந்தது. ஃப்ளானரியின் 1986ஆம் ஆண்டு நூலில் அந்த மாதிரி இடம்பெற்றது. உண்மையான ஒரு மானுடவியல் கேள்வியிலிருந்து பிறந்ததால்தான் ரெனால்ட்ஸின் பள்ளிக்கு வேர் ஆழம் என்று கருதுகிறேன்.

1994இல் அவர் அறிமுகப்படுத்திய பண்பாட்டு அல்காரிதத்தில் இரண்டு தளங்கள். கீழே விடைகளின் கூட்டம். மேலே நம்பிக்கை வெளி. சிறந்த சில விடைகளின் அனுபவம் மட்டுமே மேலே ஏற்கப்படும்; அங்கே திரண்ட அறிவு கீழிறங்கி அடுத்த தேடலைத் திசைதிருப்பும். நல்ல முன்மாதிரிகள், நல்ல விடை கிடைக்கும் எல்லைகள், துறை அறிவு, நடந்தவற்றின் வரலாறு, நிலப்பரப்பின் வரைபடம் என ஐவகை அறிவு நம்பிக்கை வெளியில் குடியிருக்கிறது.

உறவுப் பள்ளிகளும் உண்டு. பாப்லோ மொஸ்கேட்டோவின் மீமெடிக் அல்காரிதத்தில் (1989) ஒவ்வொரு விடையும் தன் வாழ்நாளுக்குள்ளேயே தன்னைத் திருத்திக்கொள்ளும். சூரத்திலிருந்து ஆர்.வி. ராவ் குழுவினர் 2011இல் தந்தது ஆசிரியர்-மாணவர் முறை.

இம்முறைகளுக்கு உரைகல் எது? கென்னத் டி ஜாங் 1975இல் வகுத்த ஐந்து சோதனைச் சார்புகள் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தன. எல்லாச் சிக்கல்களையும் சேர்த்துச் சராசரி கண்டால் எந்த முறையும் மற்றதை மிஞ்சாது என 1997இல் வோல்பெர்ட்டும் மெக்ரெடியும் நிறுவினர். உவமையின் அழகை நம்பிப் புதுப்பெயர் சூட்டும் போக்கை 2015இல் சோரென்சன் கடுமையாகச் சாடினார். அந்தச் சாடல் தேவையானது.

ஆகவே பண்பாட்டுப் பள்ளியில் எழுதுவோர் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். நம்பிக்கை வெளியை நீக்கி, அதே கணக்கீட்டுச் செலவில் மறுபடி ஓட்டி, இரு முடிவுகளையும் அருகருகே அச்சிட வேண்டும். நல்ல விடைகளைக் குறிக்கும் குன்றுகள் இடம்மாறும் சோதனை நிலப்பரப்புகளில் இதைச் செய்வது இன்னும் அவசியம்; நேற்றைய நம்பிக்கை இன்று தேடலைத் தவறான குன்றின்மேல் ஏற்றிவிடக்கூடிய இடம் அதுதான்.