இருட்புனைவும் அச்சச் சுவையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்று வகுத்துள்ளார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பனவே அந்நான்குமாம். இவற்றுள் முன்னைய மூன்றும் எவர்க்கும் எளிதில் விளங்குவன. பேயையும் புலியையும் திருடனையும் கண்டு அஞ்சாதார் யார்? நான்காவதாக வைக்கப்பட்ட இறை என்பதே நின்று சிந்தித்தற்குரியது. ஏனை மூன்றும் புறத்தேயிருந்து வருவன. இறையோ நம்மைக் காக்கும் கடமை பூண்டது. காக்கவேண்டியதே அஞ்சத்தக்கதாகிவிடும் நிலையையும் அப்பழம்புலவர் பேயோடும் புலியோடும் ஒரே வரிசையில் வைத்தெண்ணினார். அண்மையில் யாம் படித்த சில கதைநூல்களை எடைபோடுதற்கு இதனினும் ஏற்ற அளவுகோல் எமக்குக் கிட்டவில்லை.

அந்நூல்கள் ஆங்கிலத்திலே 'டார்க் பான்டசி' என வழங்கும் வகையைச் சார்ந்தன. தமிழில் அதனை இருட்புனைவு எனலாம். பேய், பூதம், சாபம், உருமாற்றம் ஆகிய உலகியலிற் காணவியலாதவற்றைப் பொருளாகக் கொள்ளுதலால் அது புனைவு. அவற்றாற் களிப்பை விளைக்காது கலக்கத்தை விளைத்தலால் அது இருள். பறக்குங் கம்பளமும் விளக்குப் பூதமும் வருங் கதைகளில் யாவும் இனிதே முடியும் என்பது நமக்கு முன்னரே தெரியும். இருட்புனைவில் அவ்வுறுதி இல்லை. இவ்வகை நூல்கள் இன்று பெருந்தொகையாக வெளிவருகின்றன. அவற்றுட் பல முதலிரு நிலைக்களன்களோடு நின்றுவிடுகின்றன. பக்கத்துக்கொரு பேய், அத்தியாயத்துக்கொரு கொடுவிலங்கு. படித்த இரவில் விளக்கை அணைக்கத் தயங்குவோம். மறுநாட் காலையில் மறந்துவிடுவோம். சிறந்தவையோ அணங்கிலே தொடங்கி இறையிலே சென்று முடிகின்றன. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

இருட்புனைவு தமிழர்க்குப் புதியதொரு சரக்கன்று. மணிமேகலையிலே சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் படித்தோர் சார்ங்கலன் என்னும் சிறுவனை மறவார். அவன் தனியே வரும்போது ஈமப் புறங்காட்டினுட் புகுந்து, பிணத்தலையைக் கையிலேந்தி ஆடும் பேயைக் கண்டு அஞ்சித் தாயிடம் ஓடிவந்து உயிர்விடுகின்றான். தாய் கோதமை தன்னுயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகின்றாள். அது இயலாதெனக் கூறும் தெய்வம், உயிருக்கு உயிர் ஈடாகுமாயின் மன்னருக்காக உயிர்தர எத்தனையோ பேர் இருந்திருப்பர், அவ்வாறிருந்தும் இக்காட்டில் அரசர்க்கெடுத்த கோட்டங்கள் பலவாக நிற்கின்றன என உணர்த்துகின்றது. பேயைக் கண்ட ஒரு சிறுவனின் கதை வேந்தரின் நிலையாமையில் வந்து முடிதலைக் காண்க.

கலிங்கத்துப்பரணி இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. சயங்கொண்டாரின் பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. கலிங்கப் போர் முடிந்தபின் களத்திலே கூழ் அட்டு உண்டு மகிழ்ந்து, விருந்தளித்த வேந்தனை வாழ்த்துகின்றன. அச்சம், நகை, இளிவரல் என்னும் மூன்று சுவைகளையும் ஒரே பானையிற் சமைத்த புலவனின் ஆற்றல் வியத்தற்குரியதே. ஆயினும் பரணி பாடுவது வென்றவன் புகழையாகும். களத்தில் வீழ்ந்து கிடப்போர்க்கு அங்கே பெயரில்லை, வாயில்லை. அவர் கூழுக்குரிய பொருள் மட்டுமே. வீழ்ந்தவர் எழுந்து தம் கதையைத் தாமே சொல்லத் தொடங்கினால் அது எத்தகைய பரணியாக இருக்கும்?

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளின் பின் இவ்வினாவுக்கு விடைபோல நம் நாட்டிலே ஓர் ஆங்கில நாவல் எழுந்துள்ளது. 2022ஆம் ஆண்டின் புக்கர் பரிசைப் பெற்ற, ஷெஹான் கருணாதிலக்கவின் 'மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்' என்பதே அது. கதை நிகழும் காலம் 1990, இடம் கொழும்பு. கதைத்தலைவன் ஒரு போர்க்களப் புகைப்படக்காரன். கதை தொடங்கும்போதே அவன் இறந்துவிட்டான். தன்னைக் கொன்றவர் யாரென்று அவனுக்கே தெரியாது. மறுவுலகம் அவனுக்கு ஓர் அரசாங்கக் கந்தோரைப்போலத் தோன்றுகின்றது. நீண்ட வரிசைகள், படிவங்கள், பொறுமையிழந்த அலுவலர்கள். ஏழு இரவுகளே அவனுக்குத் தவணை. அதற்குள், கட்டிலின் அடியில் மறைத்துவைத்த படங்களை நண்பர் கண்டெடுக்கச் செய்யவேண்டும். 1983ஆம் ஆண்டுக் கலவரம் முதலாக ஆள்வோர் மறைக்க விரும்பும் பலவற்றுக்கு அப்படங்கள் சாட்சியாவன.

இந்நாவலில் உயிர்களை விழுங்கும் மகாகாளி என்னும் கொடிய பேயொன்று வருகின்றது. அதனைக் கண்டு நாம் அஞ்சுகின்றோம். ஆயினும் கதை வளரவளர, பேய்களினும் அவற்றைப் பேய்களாக்கிய மனிதரே கூடுதலாக அஞ்சத்தக்கவர் என்பது தெளிவாகின்றது. பேரை வாவியில் உடல்களை எறிந்தவர் எவ்வுலகத்துப் பூதங்களுமல்லர். சம்பளம் பெற்று வீடு திரும்புவோர். பரணியிற் பேய்கள் சோற்றுக்கு முறையிட்டன. இங்கே நீதிக்கு முறையிடுகின்றன. மேலும், நீதியையும் பழியையும் ஆசிரியர் வேறுபடுத்திக் காட்டும் திறம் பாராட்டத்தக்கது. சேன என்னும் இறந்த இளைஞன் கொன்றவரைக் கொல்லுமாறு தூண்டுகின்றான். கதைத்தலைவனோ தன் படங்களை உலகம் பார்த்தாற் போதும் என்கின்றான். பழி தீர்ந்தால் மறக்கப்படும். சாட்சியம் நிலைத்து நிற்கும். இவ்வேறுபாட்டை நம் மாணவர் நன்கறிந்த 'காஞ்சனா' என்னும் 2011ஆம் ஆண்டுத் தமிழ்த் திரைப்படத்தோடு ஒப்பிட்டு உணரலாம். அதிலும் அநீதிக்குள்ளானோரின் ஆவியே வருகின்றது. ஆயினும் பகைவன் ஒழிந்ததும் கதையும் ஒழிகின்றது. பார்ப்போரிடம் எவ்வினாவும் எஞ்சுவதில்லை.

நாவலிற் குறைகளும் உள. நகைச்சுவைத் துணுக்குகள் அளவிறந்து, துயரம் முதிரவேண்டிய இடத்தில் அதனைக் கலைத்துவிடுகின்றன. மாந்தர் பெருக்கத்தால் நடுப்பகுதி தளர்கின்றது. ஆயினும் கதை முழுவதையும் முன்னிலையில் வைத்து, இறந்தவனை 'நீ' என்றே விளித்துச் செல்லும் உத்தி படிப்போரை விலகி நிற்கவிடாது. அந்த 'நீ' சிற்சில வேளைகளில் நம்மையே சுட்டுகின்றது.

இரண்டாவது நூலும் நம் நாட்டவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதே. வஜ்ர சந்திரசேகரவின் 'ஒளிர்கதவுகளின் புனிதர்' 2023இல் வெளிவந்து, அவ்வாண்டின் சிறந்த நாவலுக்குரிய நெபுலா விருதைப் பெற்றது. குழந்தை பிறந்தவுடனே தாய் அதன் நிழலைப் பிரித்தெடுத்துவிடுகின்றாள். தந்தையைக் கொல்வதற்கென்றே மகனை வளர்க்கின்றாள். அத்தந்தையோ பெருங்கருணையாளன் என உலகம் தொழும் ஒரு சமயத்தலைவன். வளர்ந்த மகன் லூரியற் என்னும் பெருநகரை அடைகின்றான். அங்கே திறக்கவியலாத ஒளிர்கதவுகள் நிற்கின்றன. பிறர் கண்ணுக்குப் புலப்படாத பூதங்கள் அவனுக்கு மட்டும் தெரிகின்றன. ஆனால் அந்நகரத்து மாந்தரை இனமாகவும் குலமாகவும் ஓயாது பிரித்தெழுதும் அரசாங்கத்தையும், கொள்ளைநோயோடு கலந்து வரும் கலவரங்களையும், தடுப்பு முகாம்களையும் காண்பதற்கு மந்திரக் கண் எதுவும் வேண்டியதில்லை. பூதங்களைக் கண்டும் கலங்காதவன் முகாமினுட் கலங்குகின்றான்.

இதன் முற்பகுதி மிகச் செறிவானது. பிற்பகுதியில் கட்சிகளின் பெயரும் குழுக்களின் பெயரும் மலிந்து, கதையோட்டம் சிக்கலுறுகின்றது. பொறுமையில்லாதோர் இடையில் நிறுத்திவிடக்கூடும். ஆனால் அன்பின் பெயரால் அச்சம் ஆட்சி செய்வதை இத்துணைத் துணிவோடு காட்டிய இலங்கை நூல்கள் சிலவே. இறை என்னுஞ் சொல் கடவுளையும் அரசனையும் ஒருங்கே குறித்தலின் ஆழத்தை இந்நாவலைப் படித்தபோதே யாம் முழுமையாக உணர்ந்தோம்.

ஆங்கிலத்தில் எழுதுவோரே இதனைச் செய்ய வல்லார் என எண்ணற்க. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' 1940களிலேயே இவ்வழியில் நடந்த கதையாகும். பகுத்தறிவுடைய எழுத்தாளன் ஒருவனின் வீட்டிற் பிச்சைக்காரி ஒருத்தி வேலைக்காரியாகப் புகுகின்றாள். அவள் மானிடப் பெண்ணா, பேயா என்பதை ஆசிரியர் இறுதிவரை அறுதியிட்டுரைக்கவில்லை. நாம் கவனிக்கவேண்டியது கணவனின் நிலை. இல்லத்துக்குத் தலைவனாகிய அவன், தான் அஞ்சுவதை மனைவிக்குச் சொல்லவும் மாட்டான், அவளைக் காக்கவும் மாட்டான். பேய் வீட்டினுள் வந்ததைவிடக் காவலன் செயலற்று நின்றதே நம்மை நடுங்கவைக்கின்றது.

இனி எமது ஊர்ப்புறத்துக்கு வருவோம். நாவிதன்வெளியைச் சூழவும் வயல்களே. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் மாடுகொண்டு சூடு மிதித்த நாள்களிற் களவெட்டிக்கென ஒரு தனிமொழி வழங்கியதை முதியோர் அறிவர். களத்தினுள் நின்று வழக்கமான சொற்களைச் சொல்லலாகாது. நெற்குவியலைப் பொலி என்பர். ஏனைய கருவிகளுக்கும் செயல்களுக்கும் வேறு வேறு பெயர்கள் உண்டு. வெளிப்படையாகப் பேசினால் பூதங்கள் கேட்டு விளைச்சலை வாரிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. இயந்திரங்கள் வந்தபின் அம்மொழி அருகிவிட்டது. ஆனால் அதன் உட்பொருள் இலக்கியத்துக்கு மிகவும் வேண்டியது. அஞ்சத்தக்கது அருகே நிற்கும்போது, உண்மையை விட்டுவிடாமலே வேறு பெயரால் வழங்குதல் என்பதே அவ்வுட்பொருள்.

கல்முனையைச் சேர்ந்த உமா வரதராஜன் போர்க்காலத்தில் எழுதிய 'அரசனின் வருகை' என்னும் சிறுகதையை இம்முறையிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். சிதைந்து கிடக்கும் நகரமொன்றுக்கு அரசன் வரவிருக்கின்றான். நாட்டின் பெயர் இல்லை. அரசனின் பெயர் இல்லை. வரவேற்புக்கான ஏற்பாடுகளும் அவற்றின் கீழே உறையும் அச்சமும் மட்டுமே உள்ளன. இங்கே பேய் வேண்டியதில்லை. நான்காம் நிலைக்களன் நேராகவே வந்து நிற்கின்றது. அது களவெட்டி மொழியிற் சொல்லப்பட்ட கதை. பூதம் கேட்டாலும் புரிந்துகொள்ளாது. களத்தில் நின்றவர் அனைவர்க்கும் புரியும். கருணாதிலக்கவின் நாவல் நிகழ்ந்து முடிந்த காலத்தைத் தொலைவில் நின்று பார்ப்பது. இச்சிறுகதையோ களத்தினுள்ளே நின்று எழுதப்பட்டது. சில பக்கங்களில் அடங்கிய இதனை, மேற்கூறிய பெருநூல்களோடு ஒருங்குவைத்து மதிக்க நாம் தயங்கவேண்டியதில்லை.

இத்தகைய நூல்களை மாணவர் கைகளிற் கொடுக்கலாமா என்று ஆசிரியர் பலர் வினவுவதுண்டு. துன்பம் மிகக் கண்ட நாடு இது. பிள்ளைகளுக்கு ஒளிமிக்க கதைகளைக் கொடுங்கள், இருள் எதற்கு என்பர். இவ்வினா அன்பிற் பிறந்தது; ஆகவே விடைகூறத் தக்கது. 1990 ஆகஸ்டு மாதத்திற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வீரமுனையிலும் நிகழ்ந்தவற்றை இப்பக்கத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வீடுகளில் தனித்தனியே நினைவுகூர்கின்றனர். மற்றவர் வீட்டுத் துயரம் நம் பிள்ளைகளுக்கு எட்டுவதில்லை. 2009இற் போர் முடிந்தபோது இன்றைய உயர்தர வகுப்பு மாணவர் மழலையர். கீழ்வகுப்பு மாணவர் பிறக்கவேயில்லை. பெரியோர் திடீரெனப் பேச்சை நிறுத்துவதை மட்டுமே அவர் அறிவர். காரணம் அறியாத மௌனத்தினும் கொடிய பேய் வேறில்லை. அச்சத்துக்கு ஒரு பெயரும் வடிவும் கதையும் கிடைக்குமாயின் அதனை எதிரே வைத்துப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். சார்ங்கலன் இறந்தது பேயைக் கண்டதால் மட்டுமன்று. அதைத் தனியே கண்டதால். நூலகத்திலும் வகுப்பறையிலும் ஒருங்கிருந்து படிப்போர் தனியே காண்பவரல்லர்.

ஆயினும் எல்லா இருட்புனைவும் இதனைச் செய்வதில்லை. ஆகவே தெரிவு வேண்டும். ஒரு நூலைத் தேர்வோர் அதில் எத்தனை பேய்கள் வருகின்றன என்று எண்ணவேண்டாம். அப்பேயை ஆக்கியவர் யார், வீழ்ந்தவர்க்கு வாய் உண்டா, கதை பழியோடு முடிகின்றதா, சாட்சியத்தோடு முடிகின்றதா என்னும் மூன்று வினாக்களைக் கேட்டாற் போதும். மேலே ஆராய்ந்த நூல்கள் இவற்றுக்கு வெவ்வேறளவில் விடைதருகின்றன.

இறை என்பதனுள் அரசனேயன்றித் தந்தையும் ஆசிரியரும் அடங்குவர் என்பதையும் நாம் நினைவிற்கொள்ளல் தகும். மாணவர்க்கு அஞ்சத்தக்கவர் வரிசையில் நாமும் நிற்கின்றோம். இந்நூல்களுள் ஒன்றைப் படித்த மாணவன் எழுந்து, "இது இங்கேயும் நடந்ததா, ஐயா?" என்று ஒருநாள் வினவுவான். அப்போது அவனை அமரச் சொல்வதா, விடை சொல்வதா என்பதிலேயே நாம் எவ்வகை இறை என்பது துணியப்படும்.